முழங்கையில் நெரிபடும் நரம்பு: விடுவித்தால் போதுமா, இடம் மாற்றவேண்டுமா?

சின்னி விரலும் மோதிர விரலின் பாதியும் விறைக்கும். கையை மடித்துப் படுத்தால் இரவில் கூடும். நாள் போகப் போகச் சாவி திருப்பவும் தறியில் நூல் முடியவும் பிடி தளரும். முழங்கையின் உட்பக்க எலும்பு மேட்டுக்குப் பின்னால் அல்நார் நரம்பு நெரிபடும்போது இப்படித்தான் தெரியும்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கத்தி வைக்குமுன் ஒன்றைக் கட்டாயம் பார்க்கவேண்டும். தொழுநோயும் இதே இடத்தில்தான் நரம்பைத் தடிக்க வைக்கும். உடம்பில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தால் முதலில் தோல் வைத்தியர். தொழுநோயென்றால் முதல் மருத்துவம் மருந்துதான்.

எளிய விடுவிப்பில் நரம்பின் மேல் கூரைபோல் கிடக்கும் நாரும் முன்கைத் தசையின் இரு தலைகளுக்கிடையிலான உறையும் வெட்டப்படும். நரம்பு கிடந்த இடத்திலேயே கிடக்கும், அதன் இரத்தக்குழாய்களும் அறுபடா. விறைப்பூசியிலேயே செய்யலாம், பெரும்பாலும் அன்றே வீடு போகலாம்.

இடமாற்றத்தில் வெட்டு நீளம். நரம்பைப் பள்ளத்திலிருந்து கிளப்பி எலும்பு மேட்டுக்கு முன்னால், கொழுப்புக்கடியிலோ தசைக்கடியிலோ வைப்பார்கள். மேற்கையிலுள்ள தசையிடைத் தடுப்பை (தசைகளைப் பிரிக்கும் நார்த்தகட்டை) வெட்டி எடுக்காவிட்டால் நரம்பு அதில் மடிந்து புதிதாக நெரியும். மறு சத்திரசிகிச்சைக்கு வருபவர்களிடம் அடிக்கடி காண்பது இதுதான். தசைக்கடியில் வைத்தால் தசையை அறுத்துத் திரும்பத் தைப்பதால் சில வாரம் கையை அசையாமல் கட்டிவைக்கவும் வேண்டும்.

இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் குணம் ஏறத்தாழ ஒன்றே. காயத்தில் கிருமித்தொற்று இடமாற்றத்தில் அதிகம். ஆகவே முதல் தடவை என்றால் விடுவிப்பே எங்கள் தெரிவு. விடுவித்தபின் மேசையிலேயே முழங்கையை மடித்துப் பார்க்கையில் நரம்பு எலும்பைத் தாண்டி வழுகினால், சிறுவயது முறிவால் முழங்கை கோணியிருந்தால், முந்திய விடுவிப்பு பலிக்காமல் போயிருந்தால் இடமாற்றம் சரி.

எதைச் செய்தாலும் வெட்டின் குறுக்கே போகும் தோல் நரம்புக் கிளையைக் காக்கவேண்டும். அது அறுந்தால் தழும்பு மாதக்கணக்கில் எரியும்.

நரம்பு வளர்வது நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீற்றர். முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசைக்கு அது போய்ச் சேர ஒரு வருடமளவு ஆகும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தசை வற்றிக் குழி விழுந்தபின் வந்தால் விறைப்புக் குறைந்தாலும் பலம் முழுதாகத் திரும்பாது. நீரிழிவுள்ளவர்கள் சத்திரசிகிச்சைக்குத் திகதி எடுக்குமுன் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவரவேண்டும்.