பேரைக் கத்தரித்துக் கொடுக்கும் தூக்க மாத்திரை: முக்கூடல், அம்பைப் பக்கத்து ஆட்கள் கவனிக்கவும்

சித்தப்பா தவறிய பிறகு முக்கூடலில் இருக்கும் எங்கள் சித்திக்குத் தூக்கமே இல்லை, நெஞ்சு வேறு படபடவென்று அடிக்கிறது என்று ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினார்கள். எழுதிக் கொடுத்தது அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரை, 0.25 மில்லிகிராம், ராத்திரிக்கு ஒன்று. எத்தனை நாள் போட வேண்டும், எப்படி நிறுத்த வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம் மருந்துக்கடைதான் டாக்டர். "அண்ணாச்சி, அந்தத் தூக்க மாத்திரை" என்றால் போதும், அட்டையில் பேர் இருக்கும் பக்கத்தைக் கத்தரித்துவிட்டு மீதியைக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார், பில் கிடையாது, காசு மட்டும் கூட. இது அரசாங்க மருந்து விதிகளில் ஹெச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது, சீட்டுக்கு விற்றாலும் டாக்டர் பேர், நோயாளி பேர், எத்தனை மாத்திரை என்று தனி ரிஜிஸ்டரில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். 2014 மார்ச்சிலிருந்து இதுதான் சட்டம்.

இது பழக்கமாகிற விதம்தான் மோசம். படபடப்பை அடக்க மூளையில் காபா என்று ஒரு ரசாயனம் இருக்கிறது, மாத்திரை அதன் வேலையைக் கூட்டிவிடும். தினமும் போட்டால் மூளை அதற்குப் பழகிவிடும், பழைய அளவு காணாது. உடம்பில் அல்பிரசோலம் பாதியாகக் குறைய சுமார் 11 மணி நேரம்தான் ஆகும், அதனால் சாயங்காலம் பீடி சுற்றும்போதே சித்திக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிடும். "எனக்கு நோய் முத்திப்போச்சு ஏட்டி" என்று சொல்லிக்கொண்டே ஒன்று போடுவாள், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். மருந்து இறங்குவதால் வருகிற நடுக்கத்தை அந்த மருந்தே நிறுத்துகிறது, பார்க்கிற எல்லோருக்கும் என்னவோ மருந்து நன்றாகக் கேட்கிற மாதிரிதான் தெரியும். இப்படியே ஒன்று இரண்டாகி, 0.25 போய் 0.5 வந்தது.

ஒருநாள் மருந்துக்கடைகளில் அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள் என்று பேச்சு அடிபட்டதும் அதே அண்ணாச்சி "இனிமே கிடையாதும்மா" என்று கையை விரித்துவிட்டார். மாத்திரை சட்டென்று நின்றதும் சித்திக்கு வேர்வை, நடுக்கம், கண்மூடாத ராத்திரி, அப்புறம் வலிப்பு. குடியைச் சட்டென்று விட்டவனுக்கு வலிப்பு வருவதைத் தெருவில் பார்த்திருக்கிறார்களே, அதனால் சித்தி ரகசியமாகக் குடிக்கிறாளா என்றுகூட ஒரு ஆள் கேட்டார். ஒரு வகையில் கணக்கு சரிதான், சாராயமும் இந்த மாத்திரையும் மூளையில் கை வைப்பது ஏறக்குறைய ஒரே இடத்தில்.

திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் இப்போது மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள், மாசக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது ரொம்ப நாளாகப் போட்டுக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள், போக முடியாவிட்டால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசாங்க மனநல உதவி எண், காசு இல்லை.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுதியிருக்கிறோம். பில் இல்லாததால் கையில் இருப்பது கத்தரித்த அட்டைகள் மட்டும்தான். அந்தப் பக்கம் வேறு யாரிடமாவது இப்படி அட்டை இருந்தால் வீசாமல் வைத்திருங்கள், சேர்த்துக் கொடுப்போம்.