ஏசி போட்டால் கார் சார்ஜ் ஏறியது: ஈவிசிசியுடன் ஒன்றரை ஆண்டு

சத்துவாச்சாரியில் எங்கள் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் இருக்கிறது. நான் ராணிப்பேட்டைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறேன். அதனால் மின்சாரக் கார் பகல் முழுக்க வாசலிலேயே நிற்கிறது. வேலூர் வெயில் யாரைக் கேட்டு அடிக்கிறது. அதில் கொஞ்சம் காருக்குள் போகட்டும் என்று, வீட்டுச் செலவு போக மிஞ்சும் சோலார் மின்சாரத்தைக் காருக்குத் திருப்பும் ஈவிசிசி (evcc) என்ற திறமூல மென்பொருளைப் பழைய மடிக்கணினி ஒன்றில் நிறுவினேன். ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. மென்பொருள் என்னைப் படுத்தியது குறைவு. படுத்தியதெல்லாம் அதைச் சுற்றியிருந்த ஒயரும் மீட்டரும் ரவுட்டரும்தான்.

நிறுவும் வேலை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. டெபியன் லினக்ஸில் நாலைந்து கட்டளைகள், பிறகு உலாவியில் 7070 என்ற போர்ட். அமைப்புகளைக் கோப்பில் எழுதுவதானால் இடைவெளிகளில் கவனம் வேண்டும். ஓரிடத்தில் டேப் விசையைத் தட்டியதற்கே நான் அரை மணி நேரம் விழித்தேன். என் சார்ஜர் ஓசிபிபி 1.6 பேசும் வகை; சார்ஜரும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் பொது மொழி அது. அதன் அமைப்பில் சர்வர் முகவரியாக மடிக்கணினியின் முகவரியையும் 8887 என்ற போர்ட்டையும் கொடுத்தால் போதும். அந்த ஐபி முகவரியை ரவுட்டரில் நிலையாக ஒதுக்கிவையுங்கள். நான் ஒதுக்கவில்லை. ஒரு மின்தடைக்குப் பிறகு மடிக்கணினிக்குப் புது முகவரி கிடைத்துவிட, சார்ஜர் இரண்டு நாள் காலி வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

பெரிய கூத்து மீட்டரில் நடந்தது. கிரிட்டிலிருந்து, அதாவது மின்வாரிய லைனிலிருந்து, எவ்வளவு வருகிறது, அதற்கு எவ்வளவு போகிறது என்று அளக்க மெயின் ஒயரைச் சுற்றி ஒரு கிளாம்ப் மாட்ட வேண்டும். எலக்ட்ரீஷியன் உடனிருக்க, ஒரு சனிக்கிழமை மாலை மாட்டினோம். இரவு பத்து மணிக்கு ஏசி போட்டேன். சிறிது நேரத்தில் வாசலில் ‘டக்’ என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் கார் சார்ஜ் ஏறுகிறது, அதுவும் சோலார் பயன்முறையில்! வானத்தில் நிலா இருந்தது, அவ்வளவுதான். ஏசியை நிறுத்தினேன், கார் நிற்கவில்லை. திரையில் ‘கிரிட்டுக்கு ஏற்றுமதி’ என்ற எண் ஏறிக்கொண்டே போனது.

கிளாம்பின் மேல் ஓர் அம்புக்குறி உண்டு. நாங்கள் அதைத் தலைகீழாக மாட்டியிருந்தோம். ஏசி இழுத்த 1,600 வாட்டை மென்பொருள் உபரி என்று எண்ணிக் காரைத் தொடங்கியது. கார் இழுத்ததும் உபரி இன்னும் கூடியதாக நினைத்தது. இப்படியே 16 ஆம்பியர் வரை போய்விட்டது. மாட்டிய மறுநாள் நண்பகலில் கிரிட் எண்ணை ஒரு முறை பாருங்கள். ஏசியும் காரும் ஓடாமல் வெயில் கொளுத்தும்போது இறக்குமதி என்று காட்டினால் கிளாம்பைத் திருப்புங்கள்.

கார் சார்ஜிங் 6 ஆம்பியருக்குக் கீழே இறங்காது; அது சார்ஜிங் தரநிலையிலேயே உள்ள வரம்பு. 230 வோல்ட்டில் அது 1,380 வாட். வீட்டுச் செலவு போக அவ்வளவு மிஞ்சினால்தான் கார் தொடங்கும். எங்கள் மாடியில் அது காலை ஒன்பதரைக்கு மேல்தான். மே மாதம் அள்ளிக் கொடுக்கும் என்று நினைத்தேன், மார்ச்தான் கொடுத்தது. பலகைகள் சூடேறச் சூடேற உற்பத்தி குறைகிறது. ஐப்பசி மேகத்தில் வேறு தொல்லை. உபரி வந்து ஒரு நிமிடத்தில் தொடங்கி, குறைந்து மூன்று நிமிடத்தில் நிற்பது இயல்பான அமைப்பு. நாள் முழுக்க டக், டக். “என்னப்பா, பல்லி இவ்வளவு சத்தமாகவா சொல்கிறது?” என்று அம்மா கேட்டார். நிறுத்தும் அவகாசத்தைப் பத்து நிமிடமாக்கினேன், பல்லி அடங்கியது. மழைக்காலத்தில் ‘மின்+சோலார்’ பயன்முறைக்கு மாறிவிடுகிறேன். இந்த ‘மின்’ நம் மின்சாரம் இல்லை, மினிமம்: வெயில் இல்லாவிட்டாலும் அந்தக் குறைந்தபட்ச 6 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்.

என் காரோடு மென்பொருளால் நேரடியாகப் பேச முடியவில்லை. ஆகவே பேட்டரி எத்தனை சதவீதம் என்று அதற்குத் தெரியாது. 80 சதவீதத்தில் நிறுத்து என்று சொல்ல வழியில்லை. 12 யூனிட் ஏற்றிவிட்டு நிறுத்து என்று சொல்லலாம். மனக்கணக்குப் பழகிவிட்டது. சிலவகை சார்ஜர்களுக்கு மென்பொருளில் ஆதரவுக் கட்டணம் கேட்கிறார்கள். சார்ஜர் வாங்கும் முன்பே அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

மடிக்கணினியைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் பேட்டரியே யுபிஎஸ் ஆகிவிடும் என்பது. மாடிப்படிக்குக் கீழே, இரவும் பகலும் சார்ஜில். சென்ற கோடையில் அதன் அடிப்பாகம் பூரி போல உப்பிவிட்டது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மடிக்கணினியையும் ரவுட்டரையும் வீட்டு இன்வெர்ட்டர் லைனில் மாட்டினேன். பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்தும் நாள்களில் லைன்மேன் பாதுகாப்புக்காக சோலாரும் தானாக நின்றுவிடும். “மாடி நிறையப் பலகை வைத்திருக்கிறாய் தம்பி, உன் வீட்டிலும் கரண்ட் இல்லையா?” என்று எதிர்வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு முறையும் தவறாமல் விசாரிக்கிறார்.

பணம் மிஞ்சியதா? எங்களுக்கு நெட் மீட்டர் இருக்கிறது. கிரிட்டுக்குப் போன யூனிட் பில்லில் கழிந்துவிடுகிறது. அதனால் பகலில் ஏற்றினாலும் இரவில் ஏற்றினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கார் பகலில் வெளியே போகிற வீட்டுக்கு இந்த ஏற்பாடு அறவே வேண்டாம். எனக்குக் கிடைத்தது வேறு: இரவில் இரண்டு ஏசியோடு காரும் சேர்ந்து லைனை இழுப்பதில்லை. அதோடு, ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் 1,900 வாட் ஏறுகிறது என்று போனில் பார்ப்பது ஒரு சின்ன சுகம். மனைவி இதைப் பைத்தியம் என்கிறாள்.

போனில் பார்க்க வேண்டுமென்று ரவுட்டரில் 7070-ஐ வெளியுலகுக்குத் திறந்துவிடாதீர்கள். அமைப்புகளுக்குக் கடவுச்சொல் உண்டென்றாலும் சார்ஜிங்கை மாற்றும் முதல் திரை திறந்தே கிடக்கும். நான் வயர்கார்ட் என்ற விபிஎன் வழியாகத்தான் வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைகிறேன். புதுப்பிப்புகள் அடிக்கடி வரும், வந்ததும் நான் ஓடிப்போய் நிறுவுவதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மீட்டர் கணக்கெடுக்க ஆள் வரும் வாரத்தில், தரவுத்தளக் கோப்பைப் பென் டிரைவில் நகலெடுத்துவிட்டுப் புதுப்பிக்கிறேன். அந்த வாரம் எப்படியும் யூனிட் கணக்குப் பார்க்க உட்கார வேண்டியிருக்கிறது.