போனில் ஓட்டும் பொம்மை ரோபோ: மூன்றை ஓட்டிப் பார்த்ததில்

தங்கை பிள்ளைகளுக்குப் பரிசு வாங்குவது என் தலையில்தான் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. நான் சிங்கப்பூரில் லிஃப்ட் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். மோட்டார், சுவிட்ச், கண்ட்ரோலர் என்று நாள் முழுக்க அவற்றோடுதான் பிழைப்பு. அதனால் "நீங்களே பாத்து வாங்குங்கண்ணே, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்று தங்கை நழுவிவிடுவாள். மூத்தவள் தொடக்கநிலை 4. சின்னவன் பாலர் பள்ளி முடித்து இப்போதுதான் தொடக்கநிலை 1. இரண்டு பேருக்கும் ரோபோதான் வேண்டும், அதுவும் போனில் ஓட்டுகிற ரோபோ. அப்படி மூன்று ரோபோக்கள் என் கைவழியே போய்விட்டன. ஒன்று மலிவாக வாங்கியது, ஒன்று கொஞ்சம் யோசித்து வாங்கியது, இன்னொன்று வேலையிடத்து நண்பர் இரவல் தந்தது.

மலிவானதை முதலில் முடித்துவிடுகிறேன். தீபாவளி சமயத்தில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன், ஐம்பது வெள்ளிக்குள். பெயரைச் சொல்லி எந்தப் பயனும் இல்லை. இதே பொம்மை, இதே நீலக் கண், இதே சிரிப்பு, இணையக் கடைகளில் நாலைந்து பெயர்களில் கிடைக்கிறது. எங்கோ ஓரிடத்தில் செய்து அவரவர் ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. முழங்கால் உயரம். காலுக்குப் பதில் சக்கரம், நெஞ்சில் விளக்கு, கை மேலும் கீழும் ஆடும். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

தலைவலி செயலியில் தொடங்கியது. கையேட்டில் இருந்த கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் பிளே ஸ்டோருக்குப் போகவில்லை. ஏதோ ஓர் இணையப் பக்கம் திறந்து, ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு செயலியை நேரடியாக ஏற்றும் கோப்பு) ஒன்றை இறக்கிக்கொள் என்றது. தங்கையிடம் இருப்பது ஐஃபோன், அதில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. என்னுடையது ஆண்ட்ராய்டு, ஏற்றலாம்தான். ஆனால் சிங்பாஸும் (அரசாங்கச் சேவைகளுக்கான அடையாளச் செயலி) வங்கிச் செயலியும் இருக்கிற போனில் யார் வீட்டுக் கோப்பையோ ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. 2023-இல் இப்படி வெளியிலிருந்து ஏற்றிய செயலிகளால் இங்கே எத்தனை பேர் சேமிப்பைப் பறிகொடுத்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதன்பிறகு, ஸ்டோருக்கு வெளியிலிருந்து வந்த சந்தேகத்துக்குரிய செயலி போனில் இருந்தால் வங்கிச் செயலியே திறக்க மறுக்கும்படி வங்கிகள் செய்துவிட்டன. ஒரு பொம்மைக்காக அந்த வம்பு எதற்கு? அலமாரியில் கிடந்த பழைய போனை எடுத்தேன். அதில் சிம் இல்லை, வங்கி இல்லை, ஒன்றும் இல்லை.

செயலியைத் திறந்ததும் முதல் கேள்வி, "இருப்பிடத்தை அறிய அனுமதிக்கலாமா?" தங்கை எட்டிப் பார்த்துவிட்டுப் பதறிவிட்டாள். "ஏண்ணே, பொம்மைக்கு எதுக்கு நம்ம வீடு எங்க இருக்குன்னு தெரியணும்?" நியாயமான கேள்வி. இந்த ஒன்றுக்காக மட்டும் அந்தப் பொம்மைமேல் பழி போட முடியாது. ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை, அருகில் இருக்கும் புளூடூத் கருவிகளைத் தேட வேண்டும் என்றாலே செயலி இருப்பிட அனுமதி வாங்கியாக வேண்டும். கடைத்தொகுதிகளில் ஆங்காங்கே பொருத்தியிருக்கும் புளூடூத் கருவிகளை வைத்தே நாம் நிற்கும் இடத்தைக் கணித்துவிடலாம் என்பதால் கூகல் அப்படி வைத்திருந்தது. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12-இல்தான் "அருகிலுள்ள சாதனங்கள்" என்று இதற்கெனத் தனி அனுமதி வந்தது. ஆகவே பழைய போனில் பொம்மை இருப்பிடம் கேட்டால் உடனே திருட்டுப் பட்டம் கட்ட வேண்டாம். ஆனால் தொடர்புப் பட்டியலையும் மைக்கையும் சேர்த்துக் கேட்டால் அங்கேயே அழித்துவிடுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது தொடர்புப் பட்டியலையும் கேட்டது. கொடுக்கவில்லை. கொடுக்காமலேயே ஓடியது.

ஓடியது என்றால், ஒரு மாதிரி ஓடியது. திரையில் வட்டமாக ஒரு ஜாய்ஸ்டிக் படம். விரலை வைத்துத் தள்ளினால் ரோபோ நகர வேண்டும். கண்ணாடியில் விரலுக்குப் பிடிமானம் கிடையாது. நடுப்பகுதி எங்கே, விளிம்பு எங்கே என்று தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் பிள்ளை போனைப் பார்க்கிறான், ரோபோவைப் பார்ப்பதில்லை. நிமிர்ந்து ரோபோவைப் பார்த்தால் விரல் வட்டத்தைவிட்டு வழுக்கிவிடும், ரோபோ நின்றுவிடும். மறுபடி குனிந்து விரலை வைத்துத் தள்ளும்போது அது போய் சோபாவில் முட்டியிருக்கும். நிஜப் பொத்தான் உள்ள சாதாரண ரிமோட்டில் இந்தத் தொல்லையே இல்லை. கட்டைவிரல் தன் வேலையைப் பார்க்கும், கண் தன் வேலையைப் பார்க்கும். அதோடு விரலைத் தள்ளியதற்கும் ரோபோ அசைவதற்கும் நடுவே ஓர் இடைவெளி வேறு. வீட்டுக்குள் அது கூடுதலாகவும், புளோக் கீழ்த்தளத்தில் குறைவாகவும் தெரிந்தது. நம் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகளில் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு என்று எல்லார் வைஃபையும் புளூடூத் ஓடுகிற இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். நல்ல பொம்மைகள் இதைச் சமாளித்துக்கொள்கின்றன, இதனால் முடியவில்லை.

இதிலெல்லாம் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஐம்பது வெள்ளிக்கு அவ்வளவுதான் வரும். என்னால் ஏற்க முடியாதது வேறு. அந்த ரோபோவின் உடம்பில் இருப்பது ஒரே ஒரு சுவிட்ச். ஆன் செய்தால் நெஞ்சில் விளக்கு மின்னும், போனுக்காகக் காத்திருக்கும். போன் வரவில்லையென்றால் மின்னிக்கொண்டே நிற்கும். ஒரு பாட்டுக் கிடையாது, ஓர் ஆட்டம் கிடையாது. என் தொழிலில் இப்படிச் செய்தால் வேலையைவிட்டுத் துரத்திவிடுவார்கள். வீவக லிஃப்ட்களில் தொலைக்கண்காணிப்புச் சாதனம் இருக்கிறது. பழுது வந்தால் தூரத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்த இணைப்பு அறுந்தாலும் உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்தினால் லிஃப்ட் போகும், போக வேண்டும். தொலைவிலிருந்து செய்வதெல்லாம் மேலதிக வசதி, அவ்வளவுதான்.

சரி, இரண்டாவதுக்கு வருகிறேன். ஸ்பீரோ மினி, பந்து உருவில் உருளும் ரோபோ. இதை அடித்துப் பேசிப் பரிந்துரைப்பேன், ஆனால் வயது பார்த்து.

பிங்பாங் பந்து அளவுதான். 42 மில்லிமீட்டர் குறுக்களவு, கையில் எடுத்தால் கனமே தெரியாது. 2017-இல் வந்த சரக்கு, இன்றைக்கும் பிள்ளைகளுக்குப் பழசாகத் தெரியவில்லை. மேலோட்டைத் திறந்தால் உள்ளே இரண்டு குட்டிச் சக்கரம், மோட்டார், பேட்டரி. சக்கரங்கள் ஓட்டின் உட்புறத்தில் ஏறப் பார்க்கின்றன, அதனால் ஓடு உருள்கிறது. இதைச் சின்னவனுக்குத் திறந்து காட்டினேன். அதன்பிறகு அவன் ஓட்டியதைவிடத் திறந்து மூடியதுதான் அதிகம். அப்புறம் பேட்டரி. ஒரு மணி நேரம் சார்ஜ் செய்தால் முக்கால் மணி நேரம் ஓடும். பிள்ளைகளுக்கு அது போதாது, பெற்றோருக்கு அது சரியான அளவு. தண்ணீர் ஆகாது, குளியலறைப் பக்கம் விடாதீர்கள்.

பந்துக்கு முன்பக்கம் பின்பக்கம் ஏது? அதனால் ஒவ்வொரு முறையும் தொடங்கும்போது திசை காட்ட வேண்டும். திரையில் வளையத்தைச் சுழற்றினால் பந்துக்குள் நீல விளக்கு சுற்றும். அந்த விளக்கு நம்மைப் பார்த்து நின்றால் சரி, அதுதான் அதன் முதுகு. இந்த ஒரு வேலையைச் செய்யாமல் ஓட்டினால் இடது வலதாகும், முன் பின்னாகும், பிள்ளை அழும். கடைக்காரர் யாரும் இதைச் சொல்வதில்லை. வாங்கிய முதல் நாளே பிள்ளைக்கு இதைப் பழக்கிவிடுங்கள்.

ஓட்டுவதற்கு ஒரு செயலி, நிரல் எழுதுவதற்கு ஸ்பீரோ எடு என்று இன்னொரு செயலி. முதலாவதில் ஜாய்ஸ்டிக், கவண் மாதிரி இழுத்துவிடுவது, முகபாவத்தால் ஓட்டுவது எல்லாம் நாங்கள் ஓட்டியபோது இருந்தன. முகத்தால் ஓட்டுவது வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நல்ல வேடிக்கை, மற்றபடி சீக்கிரம் சலித்துவிடும். இரண்டாவதில்தான் காசுக்கு மதிப்பு.

மூத்தவள் பந்தைச் சதுரமாக ஓடவிட வேண்டும் என்று உட்கார்ந்தாள். கட்டங்களை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் திசை, வேகம், எத்தனை நொடி என்று மூன்று எண். பக்கத்தில் சின்னவன். அவன் பாலர் பள்ளியில் பீ-பாட் ஓட்டியவன். அது தேனீ உருவில் ஒரு பொம்மை. முதுகிலேயே அம்புக்குறிப் பொத்தான்கள் இருக்கும். முன்னால் என்று அழுத்தினால் 15 சென்டிமீட்டர் போகும், வலது என்று அழுத்தினால் நின்ற இடத்தில் கால் வட்டம் திரும்பும். ஆக, சதுரத்துக்கு அவன் கணக்கு, முன்னால், வலது, முன்னால், வலது. "எல்லாத்துலயும் 90 போடுக்கா" என்றான். அவளும் போட்டாள். பந்து ஒரே திசையில் போய்ச் சுவரில் முட்டியது.

காரணம், ஸ்பீரோவில் திசை என்பது திரும்பும் அளவு இல்லை. தொடக்கத்தில் நாம் காட்டிய திசை 0. அதிலிருந்து 90 என்றால் எப்போதும் அதே வலப்பக்கம்தான், பந்து எங்கே நின்றாலும் சரி. சதுரத்துக்கு 0, 90, 180, 270 என்று போட வேண்டும். இதை நான் சொல்லித்தரவில்லை. நீல விளக்கைப் பார்த்துப் பார்த்து அவளே பிடித்துவிட்டாள். அடுத்த சிக்கல், மூலைகள் மூலையாக வராமல் வளைந்தன. ஓடுகிற வேகத்தில் சட்டென்று திரும்பச் சொன்னால் எந்தப் பந்தும் வளைந்துதான் போகும். நடுவில் ஒரு நொடி காத்திரு என்று கட்டம் சேர்த்ததும் சரியானது. பிறகு அதே நிரலைப் பாயில் ஓடவிட்டாள், சதுரம் சுருங்கிவிட்டது. இத்தனை தூரம் போ என்று யாரும் அதற்குச் சொல்லவில்லையே, இத்தனை நொடி உருள் என்றுதானே சொல்லியிருக்கிறது. துணைப்பாட வகுப்புக்குப் பணம் கட்டி இதைச் சொல்லித்தர முடியுமா தெரியவில்லை. வரவேற்பறைத் தரை இலவசமாகச் சொல்லித்தந்தது.

சின்னவன் வயதுக்கு இது ஒத்துவராது. எட்டு வயதுக்குமேல் வாங்குங்கள். ஐந்து ஆறு வயதுக்கு பீ-பாட் வகைதான் பொருத்தம், அல்லது கிபோ மாதிரி மரக்கட்டை அடுக்குவது. கிபோ, அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்தது. பட்டைக்குறி ஒட்டிய கட்டைகளை வரிசையாக வைத்து ரோபோவிடம் காட்டினால் அந்த வரிசைப்படி ஆடும். இரண்டுக்குமே திரை வேண்டாம், போன் வேண்டாம். அரசாங்க அமைப்பான ஐஎம்டிஏ-வின் பிளேமேக்கர் திட்டத்தில் நம் பாலர் பள்ளிகளுக்குப் போனவற்றில் இவையும் உண்டு. தேர்ந்தெடுத்தவர்கள் விவரமானவர்கள்.

மூன்றாவது, இரவல் வந்த கோஸ்மோ. உள்ளங்கையில் அடங்கும், முகத்தில் சின்னத் திரை, அதில் கண்கள். முகத்தை அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிடும். சின்னவன் பெயரில் ழகரம் இருக்கிறது, அதைக் கோஸ்மோ படுத்திய பாட்டில் வீடே சிரித்தது. தன் மூன்று கட்டைகளில் ஒன்றைத் தூக்கி அடுக்கும், தோற்றால் கோபித்துக்கொள்ளும். மூன்றில் பிள்ளைகளின் மனதைக் கவர்ந்தது இதுதான், சந்தேகமே இல்லை. திருப்பிக் கொடுக்கும் நாளில் சின்னவன் பேசவே இல்லை.

இது புளூடூத்தில் இணைவதில்லை. தானே ஒரு வைஃபையை எழுப்பும், போன் அதில் போய்ச் சேர வேண்டும். யோசிக்கிற வேலை முழுக்கப் போனில்தான் நடக்கிறது, ரோபோ கண்ணும் கையும் மட்டுமே. அந்த வைஃபையில் இணையம் கிடையாது. இது பழுது இல்லை, அமைப்பே அப்படி. எனக்கு அவசர வேலைக்கு வாட்ஸ்அப்பில்தான் கூப்பிடுவார்கள். சாதாரண அழைப்பு வரும், வாட்ஸ்அப் வராமல் போகலாம். ஆகவே இதற்கும் அந்தப் பழைய போன்தான்.

கோஸ்மோவைச் செய்த ஆங்கி நிறுவனத்தைக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோபோ படித்தவர்கள் தொடங்கினார்கள். 2016-இல் கோஸ்மோ வந்தது. 2019-இல் நிறுவனமே மூடப்பட்டது. பிறகு டிஜிட்டல் ட்ரீம் லேப்ஸ் என்ற இன்னோர் அமெரிக்க நிறுவனம் அதன் சொத்துகளை வாங்கியது. மூளை செயலியில் இருக்கிற பொம்மைக்கு, செய்தவர்கள் கடையைக் கட்டினால் என்ன கதி என்று அன்றைக்கு வாங்கியவர்கள் கவலைப்பட்டிருப்பார்கள். விவரம் தெரிந்த ரசிகர்கள் சிலர் செயலியே இல்லாமல் கணினியிலிருந்து கோஸ்மோவோடு பேச பைகோஸ்மோ என்று நிரல் எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். அது பெரியவர்களுக்கான விளையாட்டு. பழைய பொருள் விற்கும் கெரோசல் தளத்தில் கோஸ்மோ வாங்க நினைப்பவர்கள், விற்பவர் தன் போனில் ஓட்டிக் காட்டுவதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் போனில் செயலியை இறக்கி, அந்த இடத்திலேயே இணைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பேட்டரியும் வயதானதுதான், அதையும் கணக்கில் சேருங்கள்.

புதிதாக எதை வாங்கினாலும் கடைக்குப் போவதற்கு முன்பே ஸ்டோரில் அதன் செயலியைத் தேடிப் பாருங்கள். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று தேதி இருக்கும். இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தால் பெட்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். செயலி ஸ்டோரிலேயே இல்லை என்றால் பேச்சே இல்லை. முடிந்தால் தனி ரிமோட்டும் உள்ளதாகப் பாருங்கள்.

அப்புறம் அந்தப் பழைய போன். புதுப் போன் வாங்கும்போது பத்து இருபது வெள்ளி கழிவுக்காக அதைக் கடையில் கொடுத்துவிட வேண்டாம். கணக்குகளை எல்லாம் நீக்கி, பொம்மைச் செயலிகளை மட்டும் வைத்து, பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். செயலி நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் தானாகப் புதுப்பித்துக்கொள்வதை அணைத்துவிடலாம். ஒன்று மட்டும், இடம் போதவில்லை என்று ஃபேக்டரி ரீசெட் செய்துவிடாதீர்கள். நடுவில் செயலியை ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டிருந்தால், அதைத் திரும்ப ஏற்ற வழியிருக்காது.