பிளீக்கின் பாண்டு ஒப்பிலக்கணம்: மறுஅச்சு வாங்குவதற்கு முன்

ஜெர்மன் மொழியியலாளர் வில்ஹெல்ம் பிளீக் எழுதிய தென்னாப்பிரிக்க மொழிகளின் ஒப்பிலக்கணம் 1862, 1869 என இரண்டு பாகமாக வந்தது. பதிப்புரிமை காலாவதியானதால், ஆர்டர் வந்தபின் அச்சடித்து அனுப்பும் மறுஅச்சுகள் தபாலில் கும்பகோணம் வரை வருகின்றன. பழைய பக்கத்தை அப்படியே படமெடுத்து அடித்தது ஒரு வகை. எழுத்துகளைக் கணினி வாசித்துப் புதிதாகக் கோத்தது இன்னொரு வகை. இரண்டாவதை வாங்கவே வாங்காதீர்கள்.

இந்த நூலுக்கு உயிர் முன்னொட்டு. பாண்டு (Bantu) என்னும் ஆப்பிரிக்க மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஜூலுவில் 'உமுன்ட்டு' என்றால் மனிதர், 'அபன்ட்டு' என்றால் மனிதர்கள். 'அபன்ட்டு பயஹம்ப': மனிதர்கள் போகிறார்கள். பெயரின் முன்னொட்டில் உள்ள 'ப' வினையின் தலையிலும் ஏறிக்கொள்கிறது. 'உழவர் வந்தனர்' என்று நாம் சொல்லின் கடைசியில் காட்டும் இயைபு அங்கே முதலிலேயே வந்துவிடும். இந்த முன்னொட்டுகளை வகுத்து எண் கொடுத்தவர் பிளீக். பின்னால் வந்த ஜெர்மன் மொழியியலாளர் மெய்ன்ஹோஃப் விரித்த அந்த எண்களே இன்றும் வழக்கில் உள்ளன. கணினியோ முன்னொட்டைப் பிரிக்கும் சிறு கோட்டை (-) வரிமுறிவு என்று எடுத்துக்கொண்டு விழுங்கிவிடுகிறது. ஒப்பீட்டு அட்டவணைகளில் பத்திகள் கலந்து, எது எந்த மொழியின் முன்னொட்டு என்றே தெரியாமல் போகிறது.

பட அச்சில் எழுத்து சுத்தம், கட்டுதான் மோசம். உள்விளிம்பு மிகக் குறைவு, முதுகில் வெறும் பசை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பசை விட்டுத் தாள் தாளாகக் கழன்றுவிடும். பைண்டரிடம் கொண்டுபோனால் ஒற்றைத் தாளுக்குப் பக்கத்தையல்தான் போட முடியும். தையல் உள்ளே ஏறி எழுத்தை மறைத்துவிடும். அதைவிட, பழைய பக்கங்களின் ஸ்கேன் ஃபைலை ஏ4 தாளில் உள்விளிம்பு ஒரு அங்குலம் விட்டு ஜெராக்ஸ் கடையில் அடித்துத் தைப்பது நல்லது. மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இராமபாணப் பூச்சி வந்துவிடும்.

முன்னுரையைக் கவனமாகப் படியுங்கள். மொழியில் ஆண்பால் பெண்பால் உண்டா என்பதை வைத்து ஒரு மக்களின் சிந்தனையை எடைபோடும் அந்தக் காலத்து வாதம் அதில் இருக்கிறது. அதை ஏற்கவே முடியாது. இலக்கணப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; 1856இல் வந்த கால்டுவெல்லின் திராவிட ஒப்பிலக்கணத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ருசி கூடும்.

நூல் பெயர்ச்சொல்லோடு நின்றுவிடும். பக்கம் விடுபட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பிளீக் 1875இல் இறந்தார். வினைச்சொல் பகுதி வெளிவரவே இல்லை.