டீசலில் கந்தகம் பிடிக்க: எச்கேயூஎஸ்டி-1 ஆ, யூஐஓ-66 ஆ?

எச்கேயூஎஸ்டி-1, யூஐஓ-66 இரண்டும் உலோக முனைகளைக் கரிம மூலக்கூறுகள் இணைத்து உருவாகும் நுண்துளைச் சட்டகங்கள். டீசலை ஹைட்ரஜனால் சுத்திகரித்தும் தப்பிவிடும் டைபென்சோதயோஃபீன் வகைக் கந்தகச் சேர்மங்களைப் பிடிப்பதில் எச்கேயூஎஸ்டி-1-இன் பலம் அதன் திறந்த தாமிர முனைகள். கந்தக அணு நேராக அங்கே ஒட்டும். ஆனால் முதலில் வெற்றிடத்தில் சுமார் 150 டிகிரி செல்சியஸில் நீரை விரட்டியாக வேண்டும். வெளிர்நீலப் பொடி அடர் ஊதாவாக மாறும்வரை நிறுத்தாதீர்கள். காற்றுப்பட்டால் ஈரம் அதே முனைகளைப் பிடித்துக்கொள்ளும், நிறம் மீண்டும் வெளுக்கும். அதை எரிபொருளில் போட்டுப் பயனில்லை. நாள்பட ஈரத்தில் இருந்தால் சட்டகமே சிதையும்.

2008-இல் ஆஸ்லோவில் உருவான சிர்கோனிய யூஐஓ-66 தண்ணீருக்கு அசையாது. குறை, அதன் துளைகளின் வாசல்: சுமார் 6 ஆங்ஸ்ட்ராம்தான் (0.6 நானோமீட்டர்). மெத்தில் குழு ஒட்டிய பெரிய கந்தக மூலக்கூறுகள் நுழையத் திணறும். தயாரிக்கும்போதே அசெட்டிக் அமிலம் சேர்த்தால் முனைகளை இணைக்கும் சில கரிம மூலக்கூறுகள் விடுபட்டு வழி அகலும்.

உலர்த்த வசதியில்லாத இடத்துக்கு யூஐஓ-66தான் சரி. எதை எடுத்தாலும் ஆய்வகத்தில் டீசலுக்குப் பதிலாக வைக்கும் ஆக்டேன் கரைசலில் அது பிடித்த கந்தக அளவை மட்டும் நம்பாதீர்கள். நிஜ டீசலின் அரோமாட்டிக் (பென்சீன் வளையம் கொண்ட) சேர்மங்கள் அதே இடங்களுக்குப் போட்டியிடும்.