குத்திக் கேட்பதா, கூப்பிட்டுக் கேட்பதா?

அமெரிக்கப் பொது வானொலியில் நன்கொடை வாரம் வந்தால் காலைச் செய்தி பாதியில் நிற்கும். "தினமும் கேட்கிறீர்கள், இன்னும் ஒன்றும் தரவில்லையே?" என்ற தொனியில் தொகுப்பாளர் பேசுவார். தந்தவருக்குத் துணிப்பை, காபிக் கோப்பை. பணம் வரும்தான். ஆனால் மாதாமாதம் தருபவர் காதிலும், வாடகைக்கே திண்டாடுபவர் காதிலும் அதே குத்தல் விழுகிறது. அலைவரிசைக்கு ஆள் பிரித்துப் பேச வழியில்லை. இது எனக்கு உறுத்துகிறது.

பாட்காஸ்ட்காரர்கள் பெரும்பாலும் வேறு மாதிரி கேட்கிறார்கள். மாதச் சந்தா கட்டி ஆதரிக்கும் பேட்ரியான் தளத்தில் சேர்ந்தால் கூடுதல் பகுதிகள், விளம்பரமில்லாத ஒலிபரப்பு. 2014இல் ரேடியோடோப்பியா என்ற பாட்காஸ்ட் கூட்டமைப்பு, பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 6 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டியது. இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லிக் கேட்டார்கள். மனசு சுருங்காமல் கொடுக்கலாம்.

ஆனாலும் ஒன்று இடிக்கிறது. கூடுதல் பகுதி காசு கொடுத்தவருக்கு மட்டும்தான். வானொலியில் அப்படியில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1949இல் கேட்பவர் காசை நம்பித் தொடங்கிய கேபிஎஃப்ஏ வானொலி இன்றும் தராதவருக்கும் முழுசாகக் கேட்கிறது.

2025இல் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கிய 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டது. சிற்றூர் நிலையங்களுக்கு அது பெரிய அடி. இந்த நிலையில் யாரையும் குத்திக்காட்டவே வேண்டாம். வரவு இவ்வளவு, துண்டு இவ்வளவு என்று கணக்கைச் சொன்னாலே போதும். எனக்கு வானொலியின் திறந்த கதவும் வேண்டும், பாட்காஸ்டின் கனிவான குரலும் வேண்டும். ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால், கதவைத்தான் எடுப்பேன்.