கராஜ் லேத்துக்கு மாட்டின விஎஃப்டி: பெட்டி ஓகே, மாட்டுறதுலதான் சமாச்சாரமே

மரக் கடைசல் லேத்துக்கு விஎஃப்டி (மோட்டார் ஸ்பீட ஏத்தி இறக்குற எலெக்ட்ரானிக் பெட்டி, டிரைவ்னும் சொல்லுவாங்க) வாங்கலாமான்னு டர்பன்ல சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கத்துல ரெண்டு மூணு பேரு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சொல்றதுக்கு இங்கயே எழுதிடறேன். நான் வாங்கினது 1.5 கிலோவாட், சிங்கிள் ஃபேஸ் 220 உள்ள போயி த்ரீ ஃபேஸ் 220 வெளிய வர்ற சைனா டிரைவ். பிராண்ட் பேரு சொல்லிப் பிரயோஜனமில்ல, இதே பெட்டி நாலு ஸ்டிக்கர்ல விக்குது. மூவாயிரம் ராண்டுக்கு முன்ன பின்ன ஆச்சு. குடுத்த காசுக்கு ஒழுங்கா உழைக்குது, ஆனா மாட்டுறதுக்கு ஆகுற செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுட்டு வாங்குங்க, அத விக்கிறவன் சொல்ல மாட்டான்.

முதல்ல மோட்டாரப் பாருங்க. வீட்டு லேத்துல கெப்பாசிட்டர் வச்ச சிங்கிள் ஃபேஸ் மோட்டார் இருந்தா இது வேலைக்கே ஆகாது, த்ரீ ஃபேஸ் மோட்டார் வேணும். என்னுது 1.1 கிலோவாட், பிளேட்ல 230/400ன்னு போட்டிருக்கு, அதாவது டெல்டால கட்டினா 230 வோல்ட், ஸ்டார்ல கட்டினா 400. ஃபேக்டரில 400க்கு ஸ்டார்ல கட்டி ஓட்டினது, நம்ம டிரைவ் 220தான் குடுக்கும், அதனால டெல்டாவுக்கு மாத்தணும். மூடியத் திறந்தா ஆறு போல்ட் இருக்கும், ஒரே வரிசைல மூணயும் சேர்த்து தகடு போட்டிருந்தா அது ஸ்டார், அதக் கழட்டி மேல கீழ சோடி சோடியா மூணு தகடு நிக்க வச்சா டெல்டா. இத மாத்தாம ஓட்டினா மோட்டார் சுத்தும் ஆனா தெம்பே இருக்காது, அப்புறம் டிரைவ் மட்டம்னு எழுதுவாங்க. டெல்டால நாலரை ஆம்ப் இழுக்குது, டிரைவ் 7 ஆம்ப் குடுக்கும், தாராளம். உள்ள போற பக்கம் ஃபுல் லோட்ல 14 ஆம்ப் வரைக்கும் போடுதுன்னு புக்ல இருக்கு, அதனால நம்ம ஊரு பெரிய மூணு முள் ப்ளக் 16 ஆம்ப் பாயிண்ட்ல தனியாக் குடுங்க, மல்டி ப்ளக் எல்லாம் வேண்டாம். கராஜுக்குப் புது லைன் இழுக்கணும்னா லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனக் கூப்பிட்டு சர்டிஃபிகேட்டும் வாங்கிடுங்க.

இப்ப மெயின் விஷயம், ஸ்டார்ட் ஸ்டாப். புக்ல முதல் படமா ஒரு சாதா ஸ்விட்ச் மாட்டுற டூ-வயர் கனெக்‌ஷன்தான் இருக்கு. அது லேத்துக்கு ஆகவே ஆகாதுன்னு நான் சொல்லுவேன். லோட் ஷெட்டிங் பார்த்த ஊரு இது, நடுவுல கரண்ட் போச்சுன்னா ஸ்விட்ச் ஆன்லயே நிக்கும், கரண்ட் திரும்ப வந்ததும் சக்குல (கட்டையக் கவ்விப் புடிச்சு சுத்துற தலை) மாட்டின கட்டை தானாச் சுத்த ஆரம்பிக்கும், அப்ப நம்ம கை எங்க இருக்கும்னு யாருக்குத் தெரியும். த்ரீ-வயர்ல கட்டுங்க: பச்சை பட்டன் அமுக்கினா மட்டும் ஸ்டார்ட், சிவப்பு பட்டன் எப்பவும் மூடியே இருக்குற டைப், தட்டினா லைன் அறும். இதுல கரண்ட் வந்தாலும் பச்சைய மறுபடி அமுக்குற வரைக்கும் அசையாது. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவுல பழைய ஸ்விட்ச அப்படியே விட்டு வச்சு அதுல ஆன் ஆஃப் பண்ணாதீங்க, டிரைவ் அவுட்புட் போயிடும்.

பட்டனும் ஸ்பீடு குமிழும் (10 கே பொட்டன்ஷியோமீட்டர்) சின்ன டப்பால போட்டு பின்னாடி காந்தம் ஒட்டிட்டேன். பெரிய கிண்ணம் கடையும்போது டெயில்ஸ்டாக் பக்கம் (லேத்தோட மறுகோடி) நகர்த்தி வச்சுக்கலாம், கட்டை தெறிச்சு வர்ற நேர்ல கைய நீட்டி நிறுத்த வேண்டியதில்ல. இதுக்காகவே விஎஃப்டி வாங்கலாம்ங்க.

மரத்தூள்தான் இதுக்கு எமன். டிரைவ் ஐபி20, அதாவது தூளத் தடுக்காத டைப், ஃபேன் காத்த இழுத்து ஹீட் சிங்க் பூரா தூளா அடைச்சிடும். அதனால ரப்பர் கேஸ்கெட் வச்ச இரும்புப் பெட்டி, டிரைவ் சைஸ விட நல்லாப் பெருசா, செங்குத்தா மாட்டி மேலயும் கீழயும் 10 சென்டிமீட்டர் விட்டேன். லேத் ஸ்டாண்டுல மாட்டல, அதிர்வு ஜாஸ்தி, ஹெட்ஸ்டாக் (சக்கு இருக்குற பக்கம்) பக்கத்து செவுத்துல. இங்க கியாட்னு ஒரு மரம் கிடைக்குது, நம்ம வேங்கைக்குப் பங்காளி, கடைய அவ்ளோ சுகம், ஆனா அதோட தூள் மாவு மாதிரி மூக்குக்குள்ளயே போகுது, பெட்டிக்குள்ள போகாம இருக்குமா. பெட்டியத் திறக்கணும்னா ப்ளக்கப் புடுங்கிட்டு பத்து நிமிஷம் பொறுங்க, உள்ள 325 வோல்ட் டிசி கெப்பாசிட்டர்ல உக்காந்திருக்கும்.

மாட்டின புதுசுல எர்த் லீக்கேஜ் பிரேக்கர் (கரண்ட் எர்த்துக்குக் கசிஞ்சா லைன அறுக்குறது) சும்மா சும்மா விழுந்துச்சு, வீட்டுல ஃப்ரீசரும் சேர்ந்து ஆஃப், மீன் கெட்டுப் போச்சுன்னு ஒரு கச்சேரி. டிரைவ்குள்ள இருக்குற ஃபில்டர் கொஞ்சம் கரண்ட எர்த்துக்கு விடும், மத்த சாமானோட லீக்கும் சேர்ந்தா 30 மில்லிஆம்ப் பிரேக்கர் தாங்காது. என் மாடல்ல அந்த ஃபில்டரக் கழட்டி விட ஒரு ஸ்க்ரூ இருக்கு, புக்ல சொன்னபடி எடுத்ததும் நின்னுச்சு. எர்த்தக் கழட்டுற, லீக்கேஜ பைபாஸ் பண்ற யோசனை சொல்ற மகராசனுங்களக் கிட்டயே சேர்க்காதீங்க. மோட்டார் கேபிள் ஷீல்டு உள்ளதா வாங்குங்க, பக்கத்து ரேடியோ கரகரக்காது.

செட்டிங் பெருசா ஒண்ணுமில்ல. மோட்டார் பிளேட்ல இருக்குற ஆம்ப் எண்ண அப்படியே டிரைவ்ல போடுங்க, வெக்டர் மோடு (மெதுவா ஓடும்போதும் தெம்பு குறையாம பாத்துக்கும்), கீழ 10 ஹெர்ட்ஸ் மேல 70. நிறுத்துற நேரம் 8 செகண்ட், அதுக்குக் குறைச்சா கனமான கட்டை ஓவர்வோல்டேஜ் காட்டி டிரிப் ஆகுது, சக்கும் திருகு கழண்டு வரும். ரிவர்ஸ லாக் பண்ணிடுங்க. மெதுவா ஓட்டணும்னா குமிழ மட்டும் நம்பாதீங்க, பெல்ட்டையும் மோட்டார் பக்கம் சின்ன புல்லிக்கு மாத்துங்க, 15 ஹெர்ட்ஸ்ல மோட்டார் ஃபேனும் மெதுவாத்தான் சுத்தும், சூடேறும்.

குறைன்னா கூடக் குடுத்த புக்கு, இங்கிலீஷ் படு மோசம், டெர்மினல் ஸ்க்ரூவும் பொடி, சீக்கிரம் தேய்ஞ்சிடும். ஒரு கீச்சுச் சத்தமும் வந்துச்சு, கேரியர் ஃப்ரீக்வென்சிய (டிரைவ் உள்ள கரண்ட வெட்டி வெட்டி விடுற வேகம்) 8 கிலோஹெர்ட்ஸுக்கு ஏத்தினதும் அடங்கிடுச்சு. அஞ்சுக்கு நாலு போடுவேன்.